டீசல் டேங்க்கில் ஒரு பொன்னாடை

காலை ஆறேகால் மணிக்கு வெள்ளைச்சாமி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வேனின் டீசல் டேங்க் மூடியைச் சத்தமில்லாமல் திருகிக்கொண்டிருந்தார். வேன் அவருடையது. இலுப்பூர் எல்லையில் அது நிற்கிற இடம், பின்னால் இருக்கிற வெற்றித்திலகம் நர்சரி அண்டு பிரைமரி ஸ்கூல், வாசலில் ‘கல்விச் சிகரம்’ என்ற பட்டத்தோடு அவர் படம் ஆளுயரத்துக்குச் சிரிக்கிற பிளெக்ஸ் பேனர், எல்லாமே அவருடையவை. இருந்தாலும் சொந்த வண்டியைத் திருட வந்தவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் திருகினார்.

காரணம், டிரைவர் நாகராசு. அவன் டீசல் திருடுகிறான் என்று வெள்ளைச்சாமி முடிவு கட்டி நாலு வருஷம் ஆகிறது. ஆதாரம் மட்டும்தான் பாக்கி. அதற்காக, சாயங்காலம் அவன் வண்டியை விட்டுவிட்டுப் போனதும் ஒரு தடவை, காலையில் அவன் வருவதற்கு முன் ஒரு தடவை, டேங்க்குக்குள் குச்சி விட்டு அளந்து பார்ப்பார். ஒரு நாளாவது ஒரு விரற்கடை குறைந்திருக்க வேண்டுமே? குறைந்ததே இல்லை. நாலு வருஷமாக ஒரு சொட்டுகூடக் குறையாததிலிருந்து, அவன் எப்பேர்ப்பட்ட கைகாரன் என்பது வெள்ளைச்சாமிக்கு மேலும் உறுதியானது.

அளக்கிற குச்சியின் நுனியில் துணி சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார். ஈரம் ஏறிய இடம் துணியில் பளிச்சென்று தெரியும். துணிக்கு அவர் வீட்டில் பஞ்சமில்லை. எந்த விழாவிலாவது அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால், அதை முதல் நாளே வாங்கி விழாக்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறவர் அவர்தான். மேடையில் போர்த்தப்பட்ட கௌரவம் மறுநாள் வீட்டில் ஜன்னல் துடைக்கும், கிரைண்டருக்கு உறையாகும், கிழிபட்டு டீசல் அளக்கும்.

அந்த வியாழக்கிழமை குச்சியை வெளியே எடுத்தபோது அது மொட்டையாக வந்தது.

வெள்ளைச்சாமி குச்சியைப் பார்த்தார். டேங்க்கின் வாயைப் பார்த்தார். மறுபடியும் குச்சியைப் பார்த்தார். ஒரு முழ நீளத்துக்குச் சந்தன நிறப் பொன்னாடை, ஓரத்தில் ஜரிகையோடு, உள்ளே போயிருந்தது. கொடிக்கம்பி ஒன்றை வளைத்து விட்டுத் துழாவினார். கம்பி டீசலை மட்டும் தொட்டுவிட்டு வந்தது. இன்னொரு தடவை துழாவுவதற்குள் தெருமுனையில் நாகராசுவின் மொபெட் சத்தம் கேட்டது. சட்டென்று மூடியைப் போட்டார், குச்சியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகினார், ஒரு குரோட்டன்ஸ் செடியைப் பிடித்துக்கொண்டு அதன் இலைகளை ஆராய்வதுபோல நின்றார்.

“என்ன சார், வெள்ளனவே வந்துட்டீங்க?” என்றான் நாகராசு.

‘டேங்க்ல துணி விழுந்துருச்சுய்யா’ என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அரை நாள் வேலை. ஆனால் துணி எப்படி விழுந்தது என்று அவன் கேட்பான். குச்சியைச் சொல்ல வேண்டும். குச்சி எதற்கு என்றால், நாலு வருஷமாக உன்னைத் திருடன் என்று அளந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஊரில் ஒழுக்கம் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் முதலில் கூப்பிடப்படுகிற ஒருவர் இதைக் கைலியோடு நின்று தன் டிரைவரிடம் சொல்வதா? செடிக்குத் தண்ணி பத்தல என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

அன்றைக்குக் காலைப் பிரார்த்தனையில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. பிள்ளைகள் கைகூப்பிப் பாடிக்கொண்டிருக்க, அவர் கேட் பக்கமே காதை வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு வேன் குடுமியான்மலைப் பக்கத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரோடு முக்கலும் முனகலும் இல்லாமல் வந்து நின்றது. துணி அடியில் போய்ப் படிந்திருக்கும், அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் சோறு இறங்கியது.

வெள்ளிக்கிழமை வேன் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. நாகராசு நேரே ஆபீஸ் ரூமுக்கு வந்தான். வண்டி திடீர் திடீரென்று மூச்சடைத்தது மாதிரி நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது, டேங்க்கை இறக்கிப் பார்த்துவிட்டால் நல்லது என்றான். டேங்க் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வெள்ளைச்சாமி கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தார். இறக்கினால் துணி வரும். துணியோடு ஜரிகை வரும். இந்த வட்டாரத்தில் ஜரிகை போட்ட துணியை அழுக்குத் துடைக்க வைத்திருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான்.

“டேங்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஃபில்டரை மாத்து.”

“ஃபில்டர் போன மாசந்தான் சார் மாத்துனோம். ஒரு தடவை டேங்க்கை மட்டும் இறக்கி…”

“நீ மெக்கானிக்கா, டிரைவரா?”

ஃபில்டர் மாற்றப்பட்டது. சனிக்கிழமை வேன் இரண்டு இடத்தில் நின்றது. நாகராசு மறுபடியும் அதையே சொல்ல வந்தான். இந்த முறை ஸ்டாஃப் ரூம் கதவு திறந்திருந்தது. பயம் பிடித்த நாய் கடிப்பது போல வெள்ளைச்சாமி கடித்தார். நல்ல டீசலை உறிஞ்சி விற்றுவிட்டுக் கண்டதையும் கலந்து ஊற்றினால் வண்டி நிற்காமல் என்ன செய்யும் என்று, டீச்சர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். பிரின்ஸ்பால் சரவணக்குமார், நம்ம சாருக்குத் தெரியாமல் எதையும் மறைக்க முடியாது என்று பக்கத்திலிருந்து தலையாட்டினார். வேறு டிரைவர் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு, அப்புறம் கணக்கை முடித்துக்கொள் என்றார் வெள்ளைச்சாமி. நாகராசு ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லாமலே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெள்ளைச்சாமி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரெண்டு வகைக் கம்பி, ஒரு மீன் தூண்டில் முள், ஒரு காந்தம். காந்தத்தில் துணி ஒட்டாது என்பது அதை உள்ளே இறக்கிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. கல்விச் சிகரம் அல்லவா.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் போன் வந்தது. வேன் ஆயா முத்துமாரியம்மாள். பிள்ளைகளெல்லாம் பத்திரமாக இருக்கிறார்கள் என்றுதான் ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பிக்கிற போன் எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியும். அன்னவாசல் மெயின் ரோட்டில் ஏறுகிற முக்கில், வண்டி குறுக்காகத் திரும்பும்போது பாதி ரோட்டில் நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் கிளம்பவில்லை. சரிவில் ஜல்லி லாரி ஒன்று லோடோடு வந்துகொண்டிருந்தது.

“தம்பி சட்டையக் கழட்டி வீசிக்கிட்டே லாரிக்கு நேரா ஓடுச்சுய்யா. அங்கிட்டு அது ஓடுது, இங்கிட்டு நான் ஒண்ணொண்ணா புள்ளைகளை இறக்குறேன். லாரி வந்து நிக்கயில வேனுக்கும் அதுக்கும் இடையில ஒரு மாடு போற எடந்தான் இருந்துச்சு. பன்னெண்டு புள்ளைக இன்னும் உள்ள இருந்துச்சு.”

வெள்ளைச்சாமி ‘சரி, சரி’ என்று ஏழெட்டுத் தடவை சொன்னார்.

பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வேனை லாரிக்காரரே கயிறு கட்டி இழுத்துவந்து, இலுப்பூரில் மெக்கானிக் அன்வர் பாட்சாவின் பட்டறையில் விட்டார். வெள்ளைச்சாமி போய்ச் சேருவதற்குள் பெற்றோர்கள் பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். நாகராசு முண்டா பனியனோடு ஒரு டயரின் மேல் உட்கார்ந்திருந்தான். சட்டை லாரிச் சக்கரத்தில் போய்விட்டது. ஆனால் அவனை யாரும் நன்றியோடு பார்க்கவில்லை. டீச்சர்கள் வழியாகச் சனிக்கிழமைப் பேச்சு ஊருக்குள் போயிருந்தது.

அன்னவாசலில் தையல் கடை வைத்திருக்கிற பரிமளா முன்னால் நின்றாள். அவள் மகள் அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

“டீசலைத் திருடிட்டுத் தண்ணிய ஊத்துறவன்னு தெரிஞ்சும் எதுக்கு சார் அவன் கையில சாவியக் குடுத்தீங்க? போலீஸ்ல எழுதிக் குடுங்க. நாங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போடுறோம்.”

நாகராசு நிமிரவில்லை. போலீஸ் என்று ஒரு தடவை பேர் போய்விட்டால், அப்புறம் எந்த முதலாளியும் அவனை வண்டியில் ஏற்ற மாட்டார். அது அவனுக்கும் தெரியும், வெள்ளைச்சாமிக்கும் தெரியும்.

அன்வர் பாட்சா டேங்க்கை இறக்கித் தரையில் வைத்து, மிச்ச டீசலைப் பக்கெட்டில் வடித்துக்கொண்டிருந்தார். ஜரிகையோ கிரிகையோ, உள்ளேயிருந்து ஒரு துணி வந்தால் அது டிரைவர் கை துடைக்கிற துணியாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். இருபது பேரும் நம்புவார்கள். அந்த வார்த்தை வெள்ளைச்சாமியின் நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது பனியனுக்கு வெளியே தெரிந்த நாகராசுவின் தோள் கண்ணில் பட்டது. இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது அது.

“உள்ள துணி இருக்கு பாய்,” என்றார் வெள்ளைச்சாமி. “நான் போட்டது. நாகராசு மேல தப்பில்ல.”

கூடவே வந்திருந்த பிரின்ஸ்பால் சரவணக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு சாதாரண டிரைவர் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனசு யாருக்கு வரும், இதுதான் நம்ம சார் என்று தழுதழுத்தார். கையையும் தட்டினார். பின்னால் நின்ற நாலைந்து பேர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

வெள்ளைச்சாமி எத்தனையோ கைதட்டல் கேட்டவர். பாதி அவரே ஏற்பாடு செய்தவை. இது ஏற்பாடு செய்யாமலே வந்திருந்தது. உண்மையையும் சொன்ன மாதிரி இருக்கும், பேரும் கெடாது. சும்மா நின்றால் மட்டும் போதும். அரை நிமிஷம் அவர் சும்மாதான் நின்றார். அந்த அரை நிமிஷத்தைப் பிற்பாடு நினைக்கும்போதுதான் அவருக்கு அதிகமாக வெட்கமாக இருந்தது.

“கையத் தட்டாதய்யா,” என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். குச்சியை, காலை ஆறேகால் மணியை, பொன்னாடையை, ஃபில்டரை மாற்றச் சொன்னதை. நாலு வருஷமாக அளந்தும் ஒரு விரற்கடை குறைந்ததில்லை என்று சொல்லும்போது மட்டும் குரல் அடங்கிப்போனது. காந்தத்தையும் விடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சரவணக்குமார் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

அன்வர் பாட்சா இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். உறிஞ்சுகிற குழாயின் வாயில் சுருண்டு அடைத்திருந்த துணி, ஜரிகை மினுமினுக்க வெளியே வந்தது. பிழிந்து பெஞ்சு மேல் போட்டுவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியும் சார்,” என்றான் நாகராசு.

“என்ன தெரியும்?”

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி குச்சி இருக்குறது மொத வருசத்துலயே தெரியும். வியாழக்கெழமை அதுல துணி இல்ல. வண்டி நின்னு நின்னு போகவும் உள்ளதான் கெடக்கும்னு நெனச்சேன்.”

“தெரிஞ்சும் ஏன்யா நேரா சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீங்க திருட்டுத்தனமா அளக்குறது எனக்குத் தெரியும்னு சொன்னா அன்னைக்கே வேலை போயிரும். அதான் டேங்க்கை எறக்கணும், டேங்க்கை எறக்கணும்னு சுத்திச் சுத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன்.” அவன் டயரிலிருந்து எழுந்தான். “சொன்னா மானம் போயிரும்னு நீங்க பேசாம இருந்தீங்க. சொன்னா வேலை போயிரும்னு நானும் பேசாம இருந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல முப்பத்தொரு புள்ளைங்களை உக்கார வச்சு நாலு நாள் ஓட்டிருக்கோம் சார். லாரிக்கு முன்னாடி ஓடயில எனக்கு அதுதான் நெனப்பு.”

அடுத்துக் கேட்டது பரிமளாதான். குரலில் கோபம் குறையவில்லை, அது இப்போது ரெண்டாகப் பிரிந்து ரெண்டு பேர் மேலும் விழுந்தது.

“சரி, துணி வந்துருச்சு. நாளைக்கு வேற ஒண்ணு விழும், பிரேக்ல ஒண்ணு ஆகும். அப்பவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே எங்க புள்ளைங்களை ஏத்திட்டுப் போவீங்களா?”

“இல்லம்மா,” என்றார் வெள்ளைச்சாமி. மேடையில் பேசுகிற குரல் எங்கே போனதோ, சாதாரண மனுஷக் குரல்தான் வந்தது. “துணி விழுந்தது கைத்தப்பு. அதை மறைச்சதுதான் குத்தம். தப்பு யாரு கையிலயும் நடக்கும், நடந்த ஒடனே வாயத் தொறந்து சொல்லிட்டா அது அரை நாள் வேலை, மறைச்சா உசுரு போற வேலை.” நாகராசு பக்கம் திரும்பினார். “வண்டியில எது சரியில்லன்னாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லுய்யா. நான் பண்ணுனதா இருந்தா சத்தமாவே சொல்லு. இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல தப்பைச் சொல்றவனுக்கு வேலை போகாது. மறைக்கிறவனுக்குத்தான் போகும். அதுல மொத பேரு என்னோடது.”