பங்கர் குன்றுக்கு ஒரு குடுக்கை வெடிமருந்து

1912ஆம் வருஷம் ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, செம்மேட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை, தன் பங்களாக் கூடத்தில் மாட்டியிருந்த படத்துக்குள் சுடப்பட்டு இறந்தார். அன்று சந்தையில் மிளகு நல்ல விலைக்குப் போனது.

அது பழைய அச்சுப் படம். அமெரிக்காவில் பங்கர் குன்று என்ற இடத்தில் எப்போதோ நடந்த சண்டை. சிவப்புக் கோட்டு ஆங்கிலேயச் சிப்பாய்கள் வரிசையாகக் குன்று ஏறுவார்கள்; உச்சியில் மண்கரைக்குப் பின்னால் குடியானவர்கள் துப்பாக்கியோடு பதுங்கியிருப்பார்கள். முன்வரிசையில் வாள் பிடித்தவன் தன் கொள்ளுப்பாட்டன் என்று துரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

பங்களாவைக் கூட்டிப் பெருக்கும் பெருமாயி அந்தக் குன்றைத் தங்கள் கொல்லிமலை என்றே எண்ணியிருந்தாள். உச்சியில் இருப்பவர்கள் தன் மலைப்பகுதியான திருப்புலி நாட்டு ஆட்கள். வேறு யார் இருக்கப்போகிறார்கள்? அவள் புருஷன் குழந்தைசாமி இரண்டு கண்ணையும் திறந்தபடியே குறி வைப்பவன், ஒருநாளும் தப்பாது. தன் வேட்டைக்கு மான் குறைகிறதென்று துரை மலைக்காரர்களின் துப்பாக்கிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிக்கொண்டார். அந்தக் கார்த்திகையில் சாமைக் காட்டுக் காவலுக்கு வெறுங்கையோடு போனவனைக் கரடி கிழித்துப் போட்டது. "கரடிக்கு நல்ல பசி போல" என்று துரை சிரித்தார். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிய சிரிப்பு அது. துரை சாக வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்; பெருமாயிக்கு அதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லை.

ஒருநாள் சமையல்காரர் யாக்கூப்பிடம் கேட்டாள்.

"ஏனுங்க பாய், இதுல செயிச்சது யாருங்க?"

"செவப்புக் கோட்டுதாம்மா. மேல இருந்தவங்களுக்கு வெடிமருந்து தீந்துபோச்சுன்னு தொரை சொன்னாரு."

"அட சாமி, கேட்டிருந்தா நாங்க குடுத்திருப்பமே!"

காவல் பரணில் மருந்து தீர்ந்தவனுக்கு, தீராப் பகையாளி ஆனாலும், அடுத்த காட்டுக்காரன் கொடுத்தாக வேண்டும். அது மலைநாட்டுக் கட்டுப்பாடு. பெருமாயி கூரையில் செருகியிருந்த புருஷனின் சுரைக்குடுக்கையை எடுத்துவந்து, படத்தின் சட்டத்தில் வெடிமருந்தைக் கொட்டி வைத்தாள். மறுநாள் காலையில் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. குன்றின் மேல் புகை ஏறியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் சில சிவப்புக் கோட்டுகள் விழுந்தன. கூடமெல்லாம் கந்தக நெடி. யாக்கூப்தான் சமையலைத் தீய்த்துவிட்டார் என்று துரை கத்தினார். கொள்ளுப்பாட்டனும் விழுந்த செவ்வாயன்று, துரை சுவரிலிருந்த வாளை உருவிக்கொண்டு நாற்காலியில் ஏறிப் படத்துக்குள் கால் வைத்தார். பாதிக் குன்று ஏறும்வரை யாரும் சுடவில்லை. பிறகு உச்சியில் ஒருவன் எழுந்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி நிதானமாகக் குறி வைத்தான்.

பெருமாயி துடைப்பத்தோடு நின்று கடைசிவரை பார்த்தாள். "குன்னுக்கு நல்ல பசி போலங்க, தொரை" என்றாள்.

விசாரிக்க வந்த அதிகாரி படத்தை உற்றுப் பார்த்து, துரை மலையேறும்போது இறந்ததாக எழுதிக்கொண்டு போனார். படத்தைப் பெருமாயி தன் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டாள். கார்த்திகைதோறும் அதன் முன்னால் ஒரு சட்டி சாமைச் சோறும் ஒரு கை மருந்தும் வைப்பாள். விடிந்து பார்த்தால் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். துரை பாதிக் குன்றிலேயே கிடப்பார்.