லேமினேட் செய்த பத்து நோட்டு

காகிதம் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதை பிளாஸ்டிக்குக்குள் போட்டு மூடாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஓர் அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு ஸ்டூல், அவள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் 'லேமினேஷன் அக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் கல்யாணப் போட்டோ முதல் ஃபிரிட்ஜ் வாரண்டி சீட்டு வரை எல்லாமே லேமினேட் ஆனவைதான். "கொஞ்சம் அசந்து தூங்கினா என்னையும் மெஷினுக்குள்ள விட்டுடுவா" என்பார் வீட்டுக்காரர்.

அவர் தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் ஆபரேட்டராக இருந்தவர். போன வருஷம் அந்த பிரஸ் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. கம்பெனி ஒரு தொகையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதே கம்பெனி கேட்டில் அவரைக் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தது. வீட்டில் அந்தத் தொகைக்கு 'விரல் காசு' என்று பெயர். வைத்தவர் அவரேதான். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. விரல் போன மனுஷனே சிரிக்கும்போது அவள் என்ன சொல்ல முடியும்?

விரல் காசுக்கு ஒரு வேலை காத்திருந்தது. மாடிப்படிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை அமைந்தது. கதவு இருக்கிற, நிமிர்ந்து நிற்கக்கூடிய, நிஜமான கடை. அதில் இப்போது இருக்கிறவர் மூன்று மாதத்தில் காலி செய்வார், அன்றைக்கு அட்வான்ஸை வைத்தால் சாவி அவளுக்கு. வைக்காவிட்டால் இரண்டு மெஷினும் படுக்கையறைக்கு வர வேண்டியதுதான். கட்டிலும் ஜெராக்ஸ் மெஷினும் ஒரே அறையில் குடும்பம் நடத்த முடியாது.

அந்த மூன்று மாத இடைவெளியில்தான் தம்பி வந்து நுழைந்தான்.

தம்பி கெட்டவன் இல்லை. ஒரு வேலையில் உட்கார மாட்டான், அவ்வளவுதான். தண்ணீர் ஃபில்டர் விற்றான், இன்சூரன்ஸ் விற்றான், கொஞ்ச நாள் மீன் தொட்டி விற்றான். மீன்கள் செத்தன, அவன் அடுத்த வேலைக்குப் போனான். அம்மா போனபோது அவனுக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து அவன் எதில் விழுந்தாலும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். இந்த முறை அவன் சேர்ந்திருந்த கம்பெனி ஒரு புது மாதிரி நோட்டை அச்சடித்து, சோதனை ஓட்டம் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கிரிப்டோக்கா. ஆனா கையில பிடிக்கலாம்" என்றான்.

பார்க்க நிஜ நோட்டு மாதிரியே இருந்தது. கொஞ்சம் தடிமன், ஒரு மூலையில் கடுகளவு சிப். பணம் அந்த சிப்புக்குள்ளேயே இருக்குமாம். பேங்க் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. நோட்டு யார் கையில் இருக்கிறதோ பணம் அவருடையது. போனை அதன் மேல் வைத்தால் டிங் என்று சத்தம் கேட்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். மூன்று மாதம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் போட்டதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடக் கிடைக்கும்.

"உன் தம்பி, உன் இஷ்டம்" என்றார் வீட்டுக்காரர். அந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள்.

பத்து நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். முதல் நோட்டின் மேல் போனை வைத்தான். டிங். விரல் காசில் பத்தில் ஒரு பங்கு திரையில் பளிச்சென்று தெரிந்தது. "மத்ததும் இப்படித்தான்" என்றான். பத்தையும் தட்டிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அக்காவும் மாமாவும் வைத்திருந்தவை பட்டன் போன்கள், அவற்றால் இந்த நோட்டோடு பேசவும் முடியாது.

அடுத்த வாரம் சாப்பிட வந்தவன், "நோட்டெல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை செக் பண்ணணும்க்கா" என்று முதல் நோட்டை எடுத்து ஏதோ தட்டினான். "எல்லாம் பக்கா" என்றான். அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.

ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு நாள் அலமாரியைத் திறந்தால் சுவர் ஈரம் இறங்கி அடித்தட்டு சில்லென்றிருந்தது. நோட்டுகளின் ஓரம் லேசாக நெளிந்திருந்தது. அவளுக்குப் பதறிவிட்டது. பத்தையும் கடைக்கு எடுத்துப்போனாள், மெல்லிய துணியால் துடைத்தாள், மெஷின் சூடேறிப் பச்சை விளக்கு வரும்வரை பொறுமையாக இருந்தாள், ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பதினாறு வருஷத்தில் அவ்வளவு கவனமாக அவள் எதையும் லேமினேட் செய்ததில்லை. நான்கு மூலையையும் வட்டமாக வெட்டிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் பெருமையாக எடுத்துக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. நோட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"மெஷின்ல விட்டியா? சூட்டுலயா?"

"பின்ன? ஈரம் பட்டு வீணாப் போகாம..."

"அய்யோ அக்கா! சிப்புக்கு சூடு ஆகாதே!"

போனை வைத்துப் பார்த்தான். சத்தம் வரவில்லை. அடுத்தது. அதற்கும் வரவில்லை. பத்தும் ஊமையாகக் கிடந்தன. இரண்டு நாள் கழித்து வந்து, கம்பெனி கையை விரித்துவிட்டது என்றான். சேதப்படுத்தினால் அவர்கள் பொறுப்பில்லையாம். "விடுக்கா, உனக்குத் தெரியாதுல்ல. நான் இருக்கேன், சம்பாதிச்சுத் தரேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்த விரலு ரெண்டு தடவை போகணும்னு இருந்திருக்கு, விடு" என்றார். திட்டியிருக்கலாம். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவள் அள்ளிப் போட்டுவிட்டு நிம்மதியாக அழுதிருப்பாள். அவர் தூங்கும்போது அந்த வலது கை போர்வைக்கு வெளியே கிடக்கும். இவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

லேமினேஷன் மெஷின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடினாள். யாராவது சான்றிதழ் கொண்டுவந்தால் "மெஷின் ரிப்பேர்" என்றாள். பத்து நோட்டுகளைத் தூக்கிப் போட மனசு வராமல் கடை டிராயரில் பிளாஸ்டிக் உறைகளுக்கு அடியில் செருகி வைத்தாள்.

மூன்று வாரம் இப்படிப் போனது. நான்காவது வாரம் மூன்றாம் மாடி ஆபீஸ்காரர் ஒருவர் நாற்பது அட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஆபீஸ் கதவில் காட்டினால் கதவு திறக்குமே, அந்த அட்டைகள்.

"மெஷின் ரிப்பேர் சார். நல்லா இருந்தாலும் இதைப் போட மாட்டேன். உள்ள சிப் இருக்கு. சூட்டுல செத்துடும்."

அவர் கழுத்தில் தொங்கிய தன் அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "என்னக்கா விளையாடுறீங்க? போன வருஷம் நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க? தினமும் நாலு தடவை கதவைத் திறந்துட்டுத்தான் இருக்கு."

அவள் அந்த அட்டையைப் பார்த்தாள். மூலை வட்டமாக வெட்டியிருந்தது. அவள் கைவேலைதான். போன வருஷம் நாற்பது, அதற்கு முந்தின வருஷம் முப்பத்தைந்து, நாலாம் மாடிக்கு இன்னும் ஒரு கட்டு. நூறு சிப்புக்கு மேல் இதே மெஷினில், இதே சூட்டில் விட்டிருக்கிறாள். ஒன்றுகூடச் சாகவில்லை. ஒருவர்கூடத் திரும்பி வந்து கதவு திறக்கவில்லை என்று சொல்லவில்லை. தன் தொழில் தனக்கே மறந்துபோகிற அளவுக்கு எப்படி நம்பினேன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

டிராயரை இழுத்து நோட்டுகளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிர் மருந்துக்கடைக் கண்ணாடியில், அந்தப் புது நோட்டு இங்கே வாங்கப்படும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சோதனையில் சேர்ந்த கடை. மருந்துக்கடை அம்மா தன் போனை எடுத்து முதல் நோட்டின் மேல் வைத்தார்.

டிங்.

பிளாஸ்டிக் உறையையும் தாண்டி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. மருந்துக்கடை அம்மா திரையைப் படித்தார். "இதுல இருந்ததை எடுத்துட்டாங்களேம்மா." எடுத்த தேதியும் இருந்தது. தம்பி செக் பண்ண வந்த தேதி. அவள் இன்னொரு கரண்டி போட்ட நாள்.

மற்ற ஒன்பதும் டிங் டிங் என்று வரிசையாகப் பேசின. ஒன்பதும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லின. மாதிரி நோட்டு, மதிப்பு இல்லை. கடைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக அச்சடித்தவையாம். முதலிலிருந்தே அவற்றில் ஒன்றும் இருந்ததில்லை.

"என் தம்பி வச்சப்ப சத்தமே வரலையே" என்றாள்.

"போன்ல ஒரு பட்டன் இருக்கும்மா. அதை அணைச்சு வச்சுட்டா எந்த நோட்டும் பேசாது." இங்கே பாருங்கள் என்று அந்த அம்மா அணைத்தும் போட்டும் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வழக்கம்போல் சாப்பிட வந்தான். மாமாவோடு உட்கார்ந்து பேசினான், சிரித்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபோது மேஜையில் தட்டுகள் இல்லை. பத்து நோட்டுகள் வரிசையாக இருந்தன.

"செத்ததை எதுக்குக்கா திரும்பத் திரும்ப எடுத்து வச்சு மனசைக் கெடுத்துக்கறே?"

"உன் போனைத் திற."

"எதுக்கு?"

"திறடா."

அவள் அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டுப் பல வருஷமாகிவிட்டது. திறந்து கொடுத்தான். அவள் திரையை மேலிருந்து கீழே இழுத்து, மருந்துக்கடை அம்மா காட்டிய பட்டனைத் தொட்டாள். அதைப் பார்த்ததும் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

டிங். அடுத்தது, டிங். வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தம் வரவர அவர் பழக்கத்தில் விரல்களை மடக்கி எண்ணினார். இடது கையில் ஐந்து. வலது கையில் மூன்று. ஒன்பதாவது டிங் வந்தபோது மடக்க விரல் இல்லை. கையைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். பத்தாவது சத்தத்துக்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பணத்தை வேற ஒரு கிரிப்டோவுல போட்டேன். முதல்ல நல்லா ஏறிட்டுத்தான் இருந்துச்சுக்கா" என்றான் தம்பி. அழுகை முட்டியது. "ரெட்டிப்பாக்கி நோட்டுல போட்டுடலாம்னு நினைச்சேன். ஒரே நாள்ல சரிஞ்சுடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுட்டு இருந்தப்பதான் நீ லேமினேட் பண்ணிட்டேன்னு வந்து நின்னே. வாயில அப்படியே வந்துடுச்சுக்கா. என்னைத் திட்டு. ரெண்டு அறை விடு."

"பணத்தை எடுத்தே. சரி, ஆசை, புத்தி கெட்டுப்போச்சு. நான்தான் கொளுத்திட்டேன்னு சொன்னியே, அதை எந்தக் கணக்குல எழுதறது? இத்தனை நாளா இந்த மனுஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்காம சோறு போட்டிருக்கேன். எதிர்ல உட்கார்ந்து நீயும் சாப்பிட்டே. தொண்டையில இறங்குச்சா உனக்கு?"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு, கேட்காமல் இருக்க முடியாதவன் போல், மெல்லிய குரலில் கேட்டான்.

"அந்த ஒன்பது மாதிரி நோட்டை மட்டும் குடுத்துடுக்கா. நாளைக்கு ஆபீஸ்ல திருப்பி ஒப்படைக்கணும். இல்லன்னா இந்த வேலையும் போயிடும்."

அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. நோட்டுகளை அப்படியே மேஜையின் மறுபக்கம் தள்ளினாள். "இது என்னோடது இல்ல. அவர்கிட்ட கேளு."

தம்பி மாமாவின் பக்கம் திரும்பினான். கையை நீட்டினான்.

அவர் மூன்று விரலால் நோட்டுகளைக் கூட்டி அடுக்கினார். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தை ஒரு முறை தடவினார்.

"எவ்வளவு நல்லா போட்டிருக்கா பாரு மாப்ளே" என்றார். "ஒரு குமிழ் இல்ல."

நோட்டுகளை அவன் கையில் வைத்தார். அவன் வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடிப் போனான். இத்தனை நாளும் அழாத அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவர் அந்த வலது கையைக் கொண்டுவந்து அவள் தலையில் வைத்தார். அவள் அதைத் தள்ளவில்லை.