பத்து மில்லிமீட்டர் குறைந்த சாலை

1

வானத்தை அளந்து முடித்த மனிதன், பூமியின் நெஞ்சைக் கிழிக்காமலே அதன் ரகசியத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டான்!

(என் முதல் வரி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் இந்தக் கதை பிறந்தது, தார்ச்சாலையில் இருந்த ஒரு வட்டக் குழிக்குள் என் செருப்பு மாட்டிக்கொண்டபோது. யார் போட்ட குழி என்று விசாரித்தேன்.)

2

அந்தக் குழியைப் போடவைத்த பொறியாளர் அம்மாவைப் பற்றி, ‘எதற்கும் கலங்காத இரும்புப் பெண்மணியான அவர், அன்று காலை’ என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அன்று காலை அவர் ஒரு கருவியின் திரையை நான்காவது தடவையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் தார் அடுக்கு ஐம்பது மில்லிமீட்டர் கனம் என்று அவர் கையெழுத்திட்ட சாலை. ரேடார் கருவி தோண்டாமலே அளக்கும்: அலையை உள்ளே அனுப்பி, திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு கனத்தைச் சொல்லும். நாற்பது என்றது. மூன்று கிலோமீட்டருக்கும் நாற்பதுதான். சாலையைப் பெயர்க்க வேண்டும். அதற்கு முன் அவருடைய வேலை பெயர்ந்துவிடும்.

கருவியை ஓட்டியவர் அவருடைய தங்கை கணவர்.

“மாப்ள, இன்னொரு தடவ பாருங்க.”

“மெஷினுக்கு சொந்தபந்தம் தெரியாதுக்கா. பொய் சொல்லாது.”

“அது சொல்லாது. ஓட்டுறவரு?”

“ஆறு நாள் ட்ரெய்னிங் போனவன்கா நான்!”

“தெரியுமே. சர்டிபிகேட்ட ஹால்ல மாட்டியிருக்கீங்க. கோணலா.”

(மாப்பிள்ளையை வில்லனாக்கிப் பார்த்தேன். அவ்வளவு சாமர்த்தியம் அவருக்கு இல்லை.)

3

“துளை போட்டுப் பாத்துடலாம்” என்றார் அக்கா. துளைக்கருவி உறுமியது. உருளையாக ஒரு தார்த்துண்டு வெளியே வந்தது. அளந்தார்கள்: ஐம்பது. நூறு அடி தள்ளி இன்னொன்று: ஐம்பத்தொன்று.

‘அவர் விழிகளில் ஒரு விடியல்’... வேண்டாம். நடுச்சாலையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

மாப்பிள்ளை திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். அலை தாரில் வேகமாகப் போகும், கான்கிரீட்டில் மெதுவாக. போன வாரம் ஒரு பாலத்தின் கான்கிரீட்டுக்காகக் கருவியில் போட்ட வேக அளவை அவர் மாற்றவே இல்லை. கருவி சாலை முழுவதையும் கான்கிரீட் என்று நம்பி, ஐந்தில் ஒரு பங்கை விழுங்கியிருந்தது.

“ஏன் மாப்ள, மெஷினுக்கு சொந்தபந்தம்தான் தெரியாது. தாருமா தெரியாது?”

“அக்கா... வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க.”

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

4

முடிவு இரண்டு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை தலைமை அலுவலகத்தில் தவறை ஒப்புக்கொள்கிறார்: அழகு, யாரும் நம்பமாட்டார்கள். அக்கா தங்கையிடம் போட்டுக்கொடுக்கிறார்: நம்பலாம், ஆனால் பாவம், அவர் குடும்பம் நடத்த வேண்டாமா? பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்த அறிக்கையில் முதல் அளவு தவறியதற்குக் காரணம், ‘சாலையில் ஈரம்’. கீழே இருவர் கையெழுத்தும் இருக்கிறது. மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.