சம்பந்தி வந்து கிளட்ச் மாற்றினார்

இடது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கியபோது நர்ஸம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் நின்றே தேய்ந்த கால் அது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா உட்காரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணைக் கழுவுவார், கட்டு மாற்றுவார். ஒரு நாளைக்கு எட்டு வீடு. அந்த எட்டுக்கும் அவரைச் சுமந்துபோனது அவருடைய பழைய கார். அதன் கிளட்ச்தான் கல் மாதிரி. சிக்னலில் நின்று மிதிக்கும்போதெல்லாம் முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும்.

"ஒண்ணு, காரை வித்துடுங்க. இல்ல, வேலையை விட்டுடுங்க" என்றார் எலும்பு டாக்டர். அன்று சாயங்காலம் போனில் மகளிடம் அதைச் சொல்லும்போது நர்ஸம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் சும்மா இருப்பாளா? மாமனார் காதில் போட்டுவிட்டாள்.

அந்த மாமனார் பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்தவர். மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகியும் சம்பந்திகள் இருவரும் நேருக்கு நேர் பேசியது பத்து வாக்கியம் தேறாது. வந்தால் "வாங்க", கிளம்பினால் "போயிட்டு வாங்க". மற்றதெல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான். அப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு பெட்டி நிறையச் சாமானோடு வாசலில் வந்து நின்றார். நர்ஸம்மாவுக்குக் கையிலிருந்த துடைப்பத்தை எங்கே ஒளிப்பது என்றே தெரியவில்லை.

"சாவி குடுங்க சம்பந்தி."

"முதல்ல உள்ள வந்து டீ குடிங்க."

"டீ எங்க போயிடப் போகுது? கேபிளை எடுத்துட்டு ஆயில் கிளட்ச் போட்டுடலாம். பெடல்கிட்ட ஒரு சிலிண்டர், கியர் பாக்ஸ்கிட்ட ஒரு சிலிண்டர், நடுவுல ஒரு டியூப். நீங்க லேசா மிதிச்சாப் போதும், மிச்சத்தை ஆயில் பாத்துக்கும்."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பழைய பனியனோடு காருக்கு அடியில் போனவர்தான். இழை இழையாகப் பிரிந்து துருவேறிக் கிடந்த கேபிளை உருவிப் போட்டார். பெடலுக்குப் பின்னாலிருந்த தகரத்தில் துளை போட்டு மேல் சிலிண்டரை முடுக்கினார். கீழ் சிலிண்டரைப் பிடித்து நிறுத்த அவர் அறுத்துக்கொண்டு வந்திருந்த இரும்புப் பட்டை ஒரு நூல் அளவு இடித்தது. அரத்தால் அராவினார், வைத்துப் பார்த்தார், திரும்ப அராவினார். நர்ஸம்மா இரண்டு தடவை கொண்டுவந்து வைத்த டீயும் ஆறிப்போயிற்று.

இரண்டு மணிக்கு எல்லாம் பூட்டியாயிற்று. பிரேக் ஆயிலும் ஊற்றியாயிற்று. டியூபுக்குள் இருக்கும் காற்றை எடுப்பதுதான் பாக்கி. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். நர்ஸம்மா சீட்டில் உட்கார்ந்தார்.

"மிதிங்கன்னா மிதிச்சுப் புடிச்சுக்கங்க. விடுங்கன்னா விடுங்க."

முதலில் "மிதிங்க சம்பந்தி" என்று மரியாதையாகத்தான் போயிற்று. பிறகு "மிதிங்க" மட்டும். அப்புறம் "மிதி. விடு. மிதி. ஏய், விடாத, விடாத!"

காருக்கு அடியிலிருந்து ஃபிட்டரின் தலை எட்டிப் பார்த்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. டெப்போ பழக்கம், வாயில வந்துருச்சு."

நர்ஸம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. "பரவால்ல. எங்க பெரிய டாக்டர் இதைவிட மோசமாத் திட்டுவாரு."

ஆனால் ஒரு மணி நேரம் மிதித்தும் பெடல் தொளதொளவென்றுதான் இருந்தது. ஃபிட்டர் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"எங்கயோ காத்து மாட்டிக்கிச்சு. வெளிய வரமாட்டேங்குது. உங்களுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணிட்டேன் போல."

அவரை அப்படிப் பார்க்க நர்ஸம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பானெட்டுக்குள் குனிந்து டியூபைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். அது ஓரிடத்தில் மேடாக வளைந்து, பிறகு இறங்கியது.

"ஏன் சம்பந்தி, காத்து மேலதானே போகப் பாக்கும்? அதைப் போய்க் கீழ தள்ளுறோமே! டிரிப்ஸ் டியூப்ல குமிழி நின்னா நாங்க மேல் பக்கமாத்தான் தட்டி ஏத்துவோம். கீழருந்து ஆயிலைத் தள்ளினா என்ன?"

ஃபிட்டர் டியூபைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தள்ளலாம். ஆனா எதை வெச்சுத் தள்ளுறது?"

நர்ஸம்மா உள்ளே போனார். தன் வேலைப் பையிலிருந்ததிலேயே பெரிய சிரிஞ்சையும் ஒரு துண்டு டியூபையும் எடுத்து வந்தார். ஆயிலை இழுத்து, நிமிர்த்திப் பிடித்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி, முனையிலிருந்த குமிழியை வெளியேற்றிக் கொடுத்தார். பழகிய கைக்கு யோசனை தேவைப்படவில்லை. ஃபிட்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அடியில் நகர்ந்தார்.

நர்ஸம்மா மேல் சிலிண்டரின் ஆயில் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் சிரிஞ்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. அப்புறம் கொத்துக் கொத்தாக வந்தன.

"வருது சம்பந்தி! நிறுத்தாதீங்க, தள்ளுங்க, தள்ளு!"

இப்போது அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

நாலாவது சிரிஞ்சோடு குமிழிகள் நின்றன. நர்ஸம்மா சீட்டில் உட்கார்ந்து பயந்து பயந்து மிதித்தார். பெடல் மெத்தென்று இறங்கி, தானே மேலே வந்தது. இன்னொரு தரம் மிதித்தார். வலி இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார்.

"வலிக்குதா?" என்று பதறிக்கொண்டு ஃபிட்டர் ஜன்னல் பக்கம் வந்தார். நர்ஸம்மா இல்லையென்று தலையாட்டிவிட்டு, இன்னொரு தரம் மிதித்துக் காட்டினார்.

மறுநாள் மூன்று வீடு முடித்த பிறகுதான் முட்டியின் ஞாபகமே வந்தது. ஓரமாகக் காரை நிறுத்திப் போனை எடுத்தார். மகளைக் கூப்பிடவில்லை. நேராகச் சம்பந்தியையே கூப்பிட்டார்.

"என்ன சம்பந்தி, ஒழுகுதா?"

"ஒண்ணும் ஒழுகல. நேத்தே சொல்லியிருக்கணும், விட்டுப்போச்சு. இனிமே நான் எத்தனை வருஷம் இந்த வேலையைப் பாத்தாலும் அது நீங்க குடுத்தது. ரொம்ப நன்றி."

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. "நான் மட்டுமா செஞ்சேன்? டெப்போ கூட்டாளிங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேன், கிளட்ச்சுக்கு ஊசி போட்டு எழுப்புற சம்பந்தி எனக்குத்தான் வாய்ச்சிருக்காங்கன்னு. அது கெடக்கட்டும், காலைல ஆயில் மட்டம் பாத்தீங்களா?"

"இல்லையே."

"உங்க பொண்ணும் இப்படித்தான், சொன்ன எதையும் செய்யறதில்ல."

"அது உங்க பையன் குடுக்கிற எடம்!"

நாலாவது வீட்டுக்கு நர்ஸம்மா அன்று கால் மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்.