ரிஞ்சேஸ் என்று அச்சான சட்டைகள்

உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள்: எங்கள் பேஸ்பால் அணியின் கோச் டப் டில்லரி. பந்து வீசும் தேயோ அண்ணன். எதற்கும் சிரிக்கிற சென்ட்டே. வீசும் பந்தைப் பிடிக்கிற நான், லாலோ. வாய் திறக்காத இன்னும் ஆறு பேர். ஆட்டக்காரர்கள் சரியாக ஒன்பது. ஒருவர் குறைந்தாலும் ஆடாமலே இறுதி ஆட்டத்தில் தோற்றதாக அறிவித்துவிடுவார்கள்.

வெங்காயக் கிடங்கில் இரவு வேலையை முடித்துவிட்டு, அரைத் தூக்கத்தில் வந்திருந்தேன். ஆடி முடித்துவிட்டுப் படுக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

கோச் பெட்டியைப் பிரித்துப் புதுச் சட்டைகளை வெளியே எடுத்தார். எங்கள் அணியின் பெயர் ரேஞ்சர்ஸ். டெக்சஸின் பழைய குதிரைப் போலீஸ்காரர்களின் பெயர். கோச்சின் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். சட்டையின் மார்பில் 'ரிஞ்சேஸ்' என்று இருந்தது.

சென்ட்டே சிரிக்கவில்லை. இது லேசில் முடியாது என்று அப்போதே எனக்கு எரிச்சல் ஏறியது.

"எழுத்துப் பிழை, விடுங்கடா. மாட்டிக்கிட்டு வாங்க," என்றார் கோச்.

"யார்கிட்ட சொன்னீங்க கோச்?" என்றேன்.

"அச்சுக்கடை ஒஃபெலியாகிட்ட. ஃபோன்ல ரேஞ்சர்ஸ்னு கத்தித்தான் சொன்னேன்."

ஒஃபெலியாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் மெக்சிகோ வழிக் குடும்பங்களில் அந்தப் போலீஸுக்கு ரிஞ்சே என்றுதான் பெயர். கேட்டுப் பழகியதை எழுதிவிட்டாள். கோச் பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில்தான். ஆனாலும் அவருக்கு அந்த வார்த்தை தெரியாது. அவர் முன்னால் யார் சொல்லப்போகிறார்கள்?

தேயோ அண்ணன் சட்டையை பெஞ்சில் வைத்தார். "இதை நான் போட மாட்டேன்."

"இத்தனை வருஷமா ரேஞ்சர்ஸ்னு போட்டுக்கிட்டுத்தானே ஆடுனீங்க, அண்ணே?" என்றேன்.

"அது டீம் பேரு. இது எங்கப்பா சாகிற வரைக்கும் குரலைத் தாழ்த்திச் சொன்ன பேரு."

"அப்படி என்னடா அர்த்தம்?" என்றார் கோச். கடைசியில் நான்தான் சொல்லித் தொலைத்தேன்.

"உங்க தாத்தா வேலைதான் கோச். விசாரிக்காம சுடுறவன்னு அர்த்தம்."

"எங்க தாத்தா நல்ல மனுஷன்."

"இருக்கலாம்," என்றார் தேயோ அண்ணன்.

நடுவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை இருக்கணும். சீக்கிரம்."

"பழைய சட்டை எங்க கோச்?" என்றான் சென்ட்டே.

"சர்ச்சுல குடுத்துட்டேன்."

"புதுசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியேவா?"

நான் மணிக்கட்டில் சுற்றும் வெள்ளை டேப்பை எடுத்து ஒன்பது சட்டைகளிலும் எழுத்தை மறைத்து ஒட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன். கோச் மார்க்கரை எடுத்து முதல் சட்டையின் டேப் மேல் 'ரேஞ்சர்ஸ்' என்று எழுதி, தேயோ அண்ணனிடம் எறிந்தார்.

அவர் அதைப் பிடித்து டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சு போச்சு கோச். இனிமே ரெண்டும் ஒண்ணுதான் எனக்கு. டேப்பை வெறுமனே விடுங்க, போட்டுக்கறேன்."

"பேரில்லாத டீமா? நீங்கல்லாம் அனாதைகளா?"

"எங்க வீட்டு நாய் பேரில்லாமலே பன்னெண்டு வருஷம் இருந்துச்சு கோச்," என்றான் சென்ட்டே.

கோச் அவனைக் கண்டுகொள்ளாமல் அடுத்த சட்டையில் எழுத ஆரம்பித்தார். தேயோ அண்ணன் பையைத் தோளில் மாட்டினார். ஒருவர் பெயரை விடமாட்டார், இன்னொருவர் அதைத் தொடமாட்டார். நடுவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவன் நான். கோச்சின் முழங்கையைப் பிடித்தேன்.

"கோச், நடுவர்கிட்ட போய் இன்னும் அஞ்சு நிமிஷம் கேளுங்க."

"நீ போயேன்."

"நான் சொன்னா அந்த ஆள் மதிப்பாரா? நீங்கதானே கோச்."

அதை மட்டும் அவர் நம்பி, மார்க்கரைக் கையில் வைத்தபடியே வெளியே போனார். தேயோ அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு, எழுதியிருந்த டேப்பைப் பிய்க்கத் தொடங்கினார். நான் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்போட்டேன். வெறும் டேப்பை ஒட்டி ஒன்பது பேரும் மாட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.