மோட்டாரை நிறுத்தியவர்

ஷ்ரவ்யா உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பும்போது, மேனேஜர் மனோஜ்குமார் புது ஸ்டார்ட்டர் ஒன்றையும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

"பழசைக் கழட்டிட்டு இதை மாட்டிக் குடுத்துட்டு வந்துரு. அவங்க சண்டைக்குள்ள மட்டும் போயிராத" என்றார்.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர்களை அவர்களுடைய சின்ன கம்பெனி கோவையில் செய்து விற்றுக்கொண்டிருந்தது. புகார் வந்த கிணற்றில் இரண்டு பேருக்குப் பங்கு. காலையில் காளிச்சாமி தண்ணீர் பாய்ச்சுவார், மத்தியானம் சாமுவேல். சாமுவேலின் முறை வந்தால்தான் வினை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். போனில் ஆப்பைத் திறந்தால், 'நிறுத்தியவர்: காளிச்சாமி' என்று பெயரோடு நிற்கும். காளிச்சாமியோ, நான் தொடவே இல்லை என்று பால் சொசைட்டியில் நாலு பேர் முன்னால் சத்தியம் செய்திருந்தார்.

தோட்டத்தில் முதலில் எதிர்கொண்டது சாமுவேலின் மனைவி அன்புச்செல்விதான். கிணற்றுக்கு நடக்கும் வழியிலேயே ஓலை பழுத்துப்போன தென்னங்கன்றுகளைக் காட்டினாள்.

"நாங்க நட்டு ஆளாக்குன கன்னுங்க. பாதி நாளு தண்ணியே பாயலீங்க. கேட்டா நானில்லைங்கறாரு. பேரே வருதுங்களே, மிசினு பொய் சொல்லுமுங்களா?"

சாமுவேல் மோட்டார் அறைக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். கம்பெனி கூப்பிட்டது என்பதற்காக மட்டும் வந்திருந்த காளிச்சாமி, மோட்டார் அறைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஸ்டார்ட்டரைக் கழற்றுமுன் அதற்கு என்ன சேதி வருகிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஷ்ரவ்யாவுக்குத் தோன்றியது. கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் லேப்டாப்பை வைத்துக் கறுப்புத் திரையைத் திறந்தாள். பட்டனோ படமோ இல்லாத, கமாண்டைத் தட்டி வேலை வாங்குகிற டூல் அது. கேட்பதற்கு ஒரு கமாண்ட், சொல்வதற்கு ஒரு கமாண்ட். போனில் யார் எதை அமுக்கினாலும் அந்தச் சொல் கோவையில் உள்ள சர்வருக்குப் போகும். இந்தக் கிணற்றின் பேச்சைக் கேட்கிறேன் என்று பதிந்துவைத்தவர்கள் எல்லோருக்கும் சர்வர் அதைச் சொல்லும். ஸ்டார்ட்டரும் அப்படிப் பதிந்த ஒன்றுதான். இன்றைக்கு ஷ்ரவ்யாவும் பதியப்போகிறாள்.

"ரெண்டு பேரும் போனை இந்தச் சுவத்து மேல வெச்சுருங்க."

காளிச்சாமியின் முகம் சிவந்தது. "என்னையச் சோதிக்கறயா அம்மணி?"

"ரெண்டு பேரையுந்தானுங்க கேக்கறேன்."

இரண்டு போன்களும் சுவருக்கு வந்தன. ஷ்ரவ்யா கமாண்டை அடித்து என்டரைத் தட்டினாள். தட்டிய கையோடு ஒரு வரி வந்து விழுந்தது.

'நிறுத்து. காளிச்சாமி.'

"பாருங்க, பாருங்க! வந்துருச்சு!" என்று அன்புச்செல்வி கத்தினாள். அடுத்த நொடி அவள் பார்வை சுவரில் கிடந்த போன்களுக்குப் போயிற்று. அவற்றை யாரும் தொடவில்லை. அவள் குரல் இறங்கிவிட்டது. "எப்படிங்க வந்துச்சு?"

ஷ்ரவ்யாவுக்கும் புரியவில்லை. காளிச்சாமியின் போனையே அணைக்கச் சொல்லிவிட்டு, கேட்பதை நிறுத்தி, மறுபடி என்டரைத் தட்டினாள். அதே வரி அதே வேகத்தில் வந்தது. இந்த முறை அவள் வரியின் ஓரத்தில் இருந்த குறியைக் கவனித்தாள். சர்வர் எடுத்து வைத்திருந்த பழைய சேதி என்பதற்கான குறி அது.

அவளுக்கு விஷயம் விளங்கியது. முதலில் விட்ட ஆப், சொன்னதை மறக்காமல் வைத்துக்கொள் என்று சர்வரிடம் சேர்த்தே சொல்லும். புது ஆப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஆப்பிலிருந்து காளிச்சாமி கடைசியாக மோட்டாரை நிறுத்திய சொல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

"மத்தியானத்துல இங்க சிக்னல் போயிட்டுப் போயிட்டு வருமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. டவர்ல கரண்டு நிக்காது" என்றார் சாமுவேல்.

"அதானுங்க. சிக்னல் போயிட்டு வர்றப்பெல்லாம் ஸ்டார்ட்டரு புதுசா வந்து, எனக்கு என்ன சேதின்னு கேக்குது. சர்வர் இந்தப் பழைய சொல்லை எடுத்துக் குடுத்துருது. காளிச்சாமி அண்ணன் எப்பவோ அவர் முறை முடிஞ்சு நிறுத்துனதுங்க. இப்ப நிறுத்துனது அவரில்லை. தப்பு எங்க கம்பெனியோடது."

அந்த இடத்தில் வெறுமையான ஒரு சேதியைப் போட்டுப் பழையதை அழித்தாள். மோட்டாரை ஓடவிட்டு, ஸ்டார்ட்டரின் ஆன்டெனாவைக் கழற்றிச் சிக்னலைத் துண்டித்து மறுபடி மாட்டினாள். நான்கு பேரும் குழாயையே பார்த்தார்கள். தண்ணீர் நிற்கவில்லை.

காளிச்சாமி தன் போனை எடுத்துக்கொண்டார். கிளம்புவார் என்றுதான் ஷ்ரவ்யா நினைத்தாள். ஆனால் சாமுவேல் பக்கம் திரும்பினார்.

"நாந்தான்னே நெனச்சுட்டயா, சாமுவேலு?"

"நெனச்சுட்டனுங்ணா." சாமுவேல் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரில் கையை வைத்தார். "எங்கப்பன் உங்க தோட்டத்துல பாடுபட்ட காலத்துல, இந்தக் கெணத்துல அவரு கையால மோந்து குடிக்க முடியாதுங்க. யாராச்சும் மேல இருந்து ஊத்தோணும். பங்கு வாங்கியும் தண்ணி நிக்கறப்ப, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்துச்சுங்க."

 காளிச்சாமி, அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று ஷ்ரவ்யா பயந்தாள்.

"நடந்துச்சு" என்றார் அவர். "நானும் சின்ன வயசுல பாத்துட்டு நின்னவந்தான். இல்லீன்னு சொன்னா அது பொய்யி." ஓலை பழுத்த கன்றுகளின் பக்கம் கையைக் காட்டினார். "கன்னு காஞ்சு கெடக்குது. நாளைக்குக் காலைல என்ற முறையையும் நீயே பாய்ச்சிக்க."

"வேண்டாமுங்க. என்ற முறை நிக்காம ஓடுனாப் போதுமுங்க."

காளிச்சாமி மெல்லத் தலையசைத்தார். அன்புச்செல்வி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உறவு கொண்டாடும் அளவுக்கெல்லாம் எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் ஷ்ரவ்யா வண்டியை எடுக்கும்போது, இரண்டு பேரும் ஒரே வாய்க்காலின் கரையில் நின்று, எந்த மடையை முதலில் திறப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோவைக்கு வந்ததும் வராததுமாக மனோஜ்குமாரிடம் விஷயத்தைச் சொன்னாள். "அழிச்சாச்சுல்ல, விடு" என்றார் அவர்.

அவளால் விட முடியவில்லை. அதே டூலைத் திறந்து, இந்த முறை ஒரு கிணற்றை மட்டுமல்லாமல் எல்லாக் கிணறுகளையும் கேட்கிறேன் என்று பதிந்தாள். என்டரைத் தட்டியதும் வரிகள் சரசரவென்று திரையில் இறங்கின. நிறுத்து, ரங்கம்மாள். நிறுத்து, வெள்ளியங்கிரி. நிறுத்து, அப்துல் வஹீது. ஒவ்வொன்றும் எப்போதோ சொல்லி முடித்த சொல். இதில் எத்தனை வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறதோ என்று நினைத்தாள்.

மனோஜ்குமார் எட்டிப் பார்த்தார். திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ அழிச்சுட்டே வா. நான் ஒவ்வொருத்தருக்கா போன் போடறேன்" என்றார்.

"என்ன சொல்லுவீங்க சார்?"

அவர் நம்பரை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தார். "ஏனுங்க, ரங்கம்மாளுங்களா? உங்க மோட்டாரு தானா நிக்குதுங்களா? அது உங்களாலயும் இல்லீங்க, பங்காளிகளாலயும் இல்லீங்க. அதைச் சொல்லத்தானுங்க கூப்பிட்டேன்."