பிச்சையம்மாளின் குலவை

நான் நடத்திய எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் ‘ஃபுல் த்ரோட்டட்’ என்று ஒரு சொல் வந்தது, முழுத் தொண்டையும் திறந்து என்று அர்த்தம். சத்தம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, மனசும் அதில் முழுசாக இருக்க வேண்டும் என்றேன். வேண்டாவெறுப்பாகக் கத்துகிறவனுக்கு இந்தச் சொல்லைப் போடக் கூடாது. பிள்ளைகள் உதாரணம் கேட்டார்கள். எங்கம்மா பிச்சையம்மாளின் குலவை என்றேன். எங்கள் ஊர் கோம்பைப் பிள்ளைகள் தலையாட்டினார்கள், கேட்டவர்கள்தானே. அப்போது அப்பா இருந்தார்.

ஊரில் கல்யாணமோ சடங்கோ, குலவைக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அப்பா போனதோடு எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. செத்தது அப்பா, வாயைக் கட்டிப்போட்டது அம்மாவுக்கு.

என் கல்யாணத்தில் அம்மாதான் குலவை போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சபை என்ன சொல்லும் என்றாள் பெரியம்மா மொக்கம்மாள். கட்டிக்கொள்ளப் போகும் மதன்குமாரிடம் சொன்னேன். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவரும் நழுவினார். கடைசியில் அம்மாவே என் வாயை அடைத்தாள்.

“வேணாம் ஆத்தா. நாளைக்கு ஒனக்கு ஒரு தலவலின்னாலும் எங்குலவையத்தான் சொல்லுவாக.”

கல்யாணத்தன்று அம்மா மண்டபத்தில் பந்தி வாசலோடு நின்றுகொண்டாள். தாலி ஏறியது. மேடையில் பெண்கள் போட்ட குலவை முன்வரிசையைக்கூடத் தாண்டவில்லை. வீடியோ எடுத்த விஜய்ராஜ், தன்னிடம் பதிவாக இருந்த குலவை ஒன்றை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். மண்டபமே அதிர்ந்தது.

அது அம்மாவின் குரல். முன்பு ஏதோ கல்யாணத்தில் பிடித்துவைத்து, போகிற இடமெல்லாம் போடுகிறார் போல. பெரியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. என் மாலையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

மாமியார் மகாலட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ராசியான வாயி. யாரு போட்டதாம்?” என்று என் காதில் கேட்டார்.

பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. “எங்கம்மாதான் அத்த.”

சிரிப்பு அப்படியே வடிந்தது. அவர் பந்தி வாசலைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு விஜய்ராஜிடம் நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். குலவை பாதியில் அறுந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கும்பிட்ட கையை இறக்கி, நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.